சுற்றுலா வளர்ச்சியும் தாராவியும்: உழைப்பு காட்சிக்கு, நிலம் கார்ப்பரேட்டுக்கு

(மும்பையில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுலா வளர்ச்சியைப் பற்றித் தாராவி மக்களிடையே பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஊர் சுற்றிப் பார்ப்பது ஓய்வும் காசும் உள்ளவர்களின் விவகாரம். ஒரு நாள் வேலை போனால் அடுப்பெரியாத மக்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் 2019ஆம் ஆண்டில் டிரிப் அட்வைசர் என்ற பயண இணையதளம் வெளியிட்ட பயணிகளின் விருப்பப் பட்டியலில், தாராவிச் சந்துகளில் நடந்து பார்க்கும் சுற்றுலா தாஜ்மகாலையும் முந்தி நின்றது. ஷாஜகான் கட்டிய பளிங்கு மாளிகையைவிடத் திருநெல்வேலியிலிருந்தும் சௌராஷ்டிரத்திலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் கட்டிய பட்டறைகள் வெளிநாட்டாரை ஈர்த்திருக்கின்றன. ஆகவே சுற்றுலா என்ற தொழிலின் அரசியல் பொருளாதாரத்தைப் பேசுவதற்குத் தாராவியை விடப் பொருத்தமான இடம் இல்லை.

இத்தகைய நடைச் சுற்றுலா இங்கே 2006இல் தொடங்கியது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' திரைப்படம் 2009இல் எட்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற பின்னர் கூட்டம் பெருகியது. ஏழைகள் வாழும் பகுதியை வசதி படைத்தோர் வேடிக்கை பார்க்கப் போவது புதிதன்று. 1880களிலேயே லண்டனின் சீமான்களும் சீமாட்டிகளும் கிழக்குப் பகுதியான வொயிட்சேப்பலுக்கு மாலை நேரங்களில் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ரியோ டி ஜெனிரோவின் ஃபவேலாக்களும் ஜோகன்னஸ்பர்க்கின் சொவேட்டோவும் நிறவெறி எதிர்ப்பு, குடியேற்றம், வறுமை என்ற பல காரணங்களால் இதே வரைபடத்தில் இடம்பிடித்தன. தாராவியில் சில நிறுவனங்கள் படம் எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டைப் பின்பற்றுகின்றன. வருவாயில் ஒரு பங்கை இப்பகுதிப் பிள்ளைகளின் கல்விக்குத் தருவதும் உண்டு. வழிகாட்டிகளில் பலர் இந்தத் தெருக்களிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள். எனவே வருகிற பயணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இடதுசாரிகளின் வேலையன்று.

வருகிறவர் எதைப் பார்க்கிறார் என்பதே முக்கியமானது. வறுமையைப் பார்க்கலாம் என்று வருகிறவர் வேலையைப் பார்த்துவிட்டுப் போகிறார். 13 காம்பவுண்டில் நகரம் தூக்கி எறிந்த பிளாஸ்டிக்கை வகை பிரித்து, அரைத்து, கழுவி, கூரைகளில் காயவைத்து, மீண்டும் மூலப்பொருளாக்கித் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். கும்பர்வாடாவில் குஜராத்திலிருந்து வந்த குயவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் சுற்றுகிறார்கள். சூளைப் புகை அவர்களது நுரையீரலுக்குள்ளேயே போகிறது. பெண்கள் மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து அவற்றின் மேல் அப்பளம் காயவைக்கிறார்கள். தோல் பைகளும் இடைவார்களும் தைக்கப்படுகின்றன. விடியும் முன்னே வீடுகளில் அவித்த இட்லியைத் தமிழர்கள் சைக்கிளில் ஏற்றி நகரெங்கும் கொண்டுபோகிறார்கள்.

இந்தத் தோல் தொழிலின் வரலாற்றைத் தமிழ்த் தோழர்கள் மறக்கக் கூடாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதி மக்களும் தமிழ் முஸ்லிம்களும் சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கிக் குடியேறியபோது, நகரத்தின் கண்ணில் அது யாருக்கும் வேண்டாத நிலம். அதற்கும் முன்னால் கோலி மீனவர்கள் மட்டுமே அங்கே இருந்தார்கள். தோல் பதனிடும் நாற்றம் ஊருக்கு வெளியே இருக்கட்டும் என்று விட்டார்கள். பாந்திராவிலிருந்த இறைச்சிக்கூடம் 1971இல் தேவனாருக்கு மாற்றப்பட்டதும் பச்சைத் தோல் வரத்து குறைந்து பதனிடும் தொழில் நலிந்தது. தைக்கும் தொழில் நிலைத்தது. பின்னர் நகரம் வடக்கே வளர்ந்தது. பாந்திரா - குர்லா வளாகம் எழுந்தது. மூன்று புறமும் ரயில் பாதை ஓட, பக்கத்திலேயே நாட்டின் மிக விலையுயர்ந்த வணிக வளாகங்களில் ஒன்று அமைய, வேண்டாத நிலம் எல்லோருக்கும் வேண்டிய நிலமாயிற்று.

மாதுங்காவின் கதை இதிலிருந்து விலகியதன்று. அங்கே எழுத்தர்களும் ஆசிரியர்களுமாகக் குடியேறிய தென்னிந்தியர்களுக்காக 1940களில் தோன்றிய உணவகங்கள் இன்று பயண நூல்களில் இடம்பெறுகின்றன. வடிகட்டிய காப்பியையும் தோசையையும் சுவைக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் நிற்போரில் எத்தனை பேர், அவ்வுணவகங்களின் பின்கட்டில் மாவரைப்பவரும் பாத்திரம் கழுவுபவரும் எங்கே உறங்குகிறார்கள் என்று கேட்டிருப்பார்கள்? மாதுங்காவின் சுவைக்குப் பின்னால் தாராவியின் உழைப்பு இருக்கிறது.

இனி நாட்டளவிலான கணக்கைப் பார்க்கலாம். 2019இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1 கோடியே 9 லட்சம் பேர். பிரான்ஸ் என்ற ஒரு நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 10 கோடிப் பேர் போகிறார்கள். எல்லோராவும் தஞ்சைப் பெரிய கோயிலும் இமயமும் 7,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரையும் உள்ள நாட்டுக்கு இந்த எண்ணிக்கை மிகக் குறைவு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மும்பையை மட்டும் எடுத்துக்கொண்டால், எலிபண்டா குகைகள் 1987இலும், சத்ரபதி சிவாஜி ரயில் முனையம் 2004இலும், கோட்டைப் பகுதியின் கோதிக் - ஆர்ட் டெக்கோ கட்டடங்கள் 2018இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. வளம் இருக்கிறது. அதை வளர்ப்பது யார், யாருக்காக என்பதில்தான் சண்டை.

ஆளும் வர்க்கம் சுற்றுலா என்றதும் டாலரோடு வருகிற வெளிநாட்டாரை மட்டுமே நினைக்கிறது. உண்மையில் இத்தொழிலின் முதுகெலும்பு உள்நாட்டுப் பயணியே. அரசின் கணக்குப்படி 2023இல் உள்நாட்டுப் பயணங்கள் சுமார் 250 கோடி. கோயில் திருவிழாவுக்கும் தர்காவின் கந்தூரிக்கும் வேளாங்கண்ணிக்கும் பந்தர்பூருக்கும் ஊர்க் கல்யாணத்துக்கும் போகிறவர்களே இதில் பெரும்பகுதி. இவர்களுக்கு வேண்டியது முன்பதிவில்லாத பெட்டியும், இரண்டாம் வகுப்புப் படுக்கையும், சுத்தமான கழிப்பறையும், மலிவான தங்குமிடமும். ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை திரும்ப வரவேயில்லை. தாதரிலிருந்து திருநெல்வேலிக்கும், மும்பையிலிருந்து நாகர்கோவிலுக்கும் போகும் வண்டிகளில் கோடை விடுமுறையில் ஒரு படுக்கை இருக்கை கிடைக்காமல் அல்லாடுவது தாராவித் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே நேரத்தில் 'பாரத் கௌரவ்' என்ற பெயரில் சுற்றுலா ரயில்களைத் தனியார் இயக்க வழி திறந்துவிடப்பட்டது. அத்திட்டத்தின் முதல் வண்டி 2022 ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து ஷீரடிக்குத் தனியார் நிறுவனத்தால் இயக்கப்பட்டது. தண்டவாளம் மக்களுடையது, இஞ்சின் மக்களுடையது, ஓட்டுநர் ரயில்வே ஊழியர். கட்டணம் மட்டும் தனியாருக்கு.

இந்தியாவில் நவீன சுற்றுலாத் தொழிலுக்கு அடித்தளம் இட்டது பொதுத்துறை என்பதை இளம் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். தனியார் முதலாளிகள் பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களைத் தாண்டி முதலீடு செய்யத் தயங்கிய காலத்தில், 1966இல் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் உருவானது. அசோக் ஓட்டல்கள் அதன் வழியே எழுந்தன. ஏர் இந்தியாவின் துணை நிறுவனமாக 1971இல் இந்திய ஓட்டல் கழகம் தொடங்கப்பட்டது. மகாராஷ்டிர மாநிலச் சுற்றுலாக் கழகம் 1975இல் வந்தது. கட்டி, பெயர் சம்பாதித்து, சந்தையை உருவாக்கிக் கொடுத்த பின் என்ன நடந்தது? வாஜ்பாய் ஆட்சியில் 'பங்கு விற்பனை' என்பதற்கென்றே தனி அமைச்சகம் அமைத்து விற்றார்கள்.

மும்பைத் தோழர்கள் சென்டார் ஓட்டல்களின் கதையைச் சற்று விரிவாகவே நினைவில் வைத்திருப்பது நல்லது. இந்திய ஓட்டல் கழகத்துக்கு மும்பையில் இரண்டு ஓட்டல்கள் இருந்தன. ஒன்று ஜூஹு கடற்கரையில். மற்றொன்று விமான நிலையத்தின் அருகில். 2002இல் இரண்டும் தனியாருக்கு விற்கப்பட்டன. விமான நிலைய ஓட்டல் 83 கோடி ரூபாய்க்குப் போனது. வாங்கிய நிறுவனம் சில மாதங்களிலேயே அதை 115 கோடிக்கு சகாரா குழுமத்திடம் கைமாற்றிவிட்டது. ஒரு செங்கல்லை எடுத்து வைக்காமல், ஒரு படுக்கை விரிப்பை மாற்றாமல், 32 கோடி. மக்கள் சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டினார்கள் என்ற குற்றச்சாட்டை நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் எழுப்பினார்கள். தணிக்கை அறிக்கையும் விற்பனை நடந்த முறையைக் குறை கூறியது. ஓட்டல் ஊழியர்களின் கதி என்னவாயிற்று என்பதைத் தலைப்புச் செய்தியாக்க எந்த முதலாளித்துவ ஏட்டுக்கும் இடமில்லை.

அதன் பின் வரிசையாகத் தொடர்ந்தது. மும்பை விமான நிலையம் 2006இல் தனியார் கைக்குச் சென்றது. 2021 ஜூலையில் அது அதானி குழுமத்தின் வசமாயிற்று. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏலத் தொகையான 18,000 கோடியில் அரசுக்கு ரொக்கமாக வந்தது 2,700 கோடி மட்டுமே, மீதி கடனை ஏற்றதாகக் கணக்கு. 2025 அக்டோபர் 8 அன்று பிரதமர் திறந்துவைத்த நவி மும்பை விமான நிலையத்திலும் 74 சதவீதப் பங்கு அதானி குழுமத்தினுடையது. டெல்லிச் செங்கோட்டைப் பராமரிப்பே 2018இல் ஒரு சிமென்ட் குழுமத்திடம் தரப்பட்டதை இங்கே கூடவே சொல்லிவிடலாம்.

பயணி இறங்கும் நிலையங்கள் இரண்டும் ஒரே குழுமத்தின் கையில். அவர் பார்க்க வரும் தாராவி? அதுவும் அக்குழுமத்தின் கையில்தான். 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கான ஏலக் கேள்வியோடு தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை அதானி நிறுவனம் வென்றது. 2018இல் 7,200 கோடி கேட்டிருந்த துபாய் நிறுவனத்தின் ஏலம் ரத்து செய்யப்பட்டிருந்தது. அந்நிறுவனத்தின் வழக்கை 2024 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. திட்டத்தை நடத்தும் சிறப்பு நிறுவனத்தில் அதானிக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20 சதவீதம். அது மட்டுமா? மும்பையில் கூடுதல் கட்டுமானத்துக்காக டி.டி.ஆர். எனப்படும் உரிமையை வாங்கும் பிற நிறுவனங்கள் முதல் 40 சதவீதத்தைத் தாராவித் திட்டத்திலிருந்தே வாங்க வேண்டும் என்று விதியே மாற்றப்பட்டது. சந்தை, போட்டி என்று நாளெல்லாம் பாடம் நடத்துகிறவர்கள் ஒரு குழுமத்துக்காகக் கட்டாய வாடிக்கையாளர்களை உருவாக்கித் தருகிறார்கள்.

தாராவி ஏறத்தாழ 600 ஏக்கர். அங்கே வாழும் மக்களை மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதற்குச் சான்று காட்டுவோருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு. 2000க்கும் 2011க்கும் இடைப்பட்டவர்கள் இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதற்குப் பின் வந்தவர்களுக்கும், மேல்தளத்தில் வசிப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு. வாடகையோடு தவணை கட்டி வாங்கலாம் என்ற உறுதிமொழி. தாராவியில் ஏணி வைத்து ஏறும் அந்த மேல்தளத்தில்தான் பட்டறைத் தொழிலாளர்கள் பலர் உறங்குகிறார்கள். அனுப்பப்படும் 'வெளியே' எது என்று பார்த்தால், காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் 256 ஏக்கர் உப்பளமும், தேவனார் குப்பைமேட்டின் 124 ஏக்கரும் பட்டியலில் இருக்கின்றன. மழைநீரைத் தாங்கி நகரைக் காக்கும் உப்பளத்தில் ஒரு பாதி. நச்சு வாயு கசியும் குப்பையின் மேல் மறுபாதி.

இப்போது தொழில் பக்கம் வருவோம். பட்டறை வைத்திருப்பவருக்கு, அதுவும் தகுதி பெற்றால், 225 சதுர அடி. மாசுபடுத்தும் தொழில்களுக்குத் திட்டத்தில் இடமில்லை. பிளாஸ்டிக் அரைக்கும் எந்திரமும், காயவைக்கும் கூரையும், மூட்டை இறங்கும் முற்றமும் 225 சதுர அடிக்குள் அடங்குமா? மண் பாண்டச் சூளையை அடுக்குமாடியின் எந்த மாடியில் மூட்டுவது? அப்பளக் கூடைக்கு வெயில் எங்கே? தாராவியில் வீடும் தொழிலும் தெருவும் ஒன்றோடொன்று பின்னியவை. வீட்டை மட்டும் கொடுத்துத் தொழிலைப் பிடுங்கினால், அந்த வீட்டின் பராமரிப்புக் கட்டணத்தைக்கூடக் கட்ட முடியாமல் உழைப்பாளி தானாகவே வெளியேறுவார். உலகம் எதைப் பார்க்க விமானம் ஏறி வந்ததோ அந்த உழைப்பைத் துடைத்துவிட்டு, அதன் இடத்தில் கண்ணாடிக் கோபுரங்களும் ஓட்டல்களும் எழுப்புவதற்கு வளர்ச்சி என்று பெயர் சூட்டுகிறார்கள்.

இது கற்பனையான அச்சம் என்போர் கிரண்காவைப் பார்க்கட்டும். 1982இல் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு ஆலைகள் மூடப்பட்டன. ஆலை நிலங்கள் விற்பனைக்கு வந்தன. பீனிக்ஸ் மில் இன்று பெரும் வணிக வளாகம். பயணிகள் வந்து போகிறார்கள். புகைப்போக்கியை மட்டும் அலங்காரமாக விட்டுவைத்தார்கள். நூல் நூற்றவரின் பேரப்பிள்ளைகள் சிலர் அங்கே காவலாளிகள், துப்புரவாளர்கள். செம்பூரிலும் இதன் சிறு வடிவம் உண்டு. ராஜ் கபூர் 1948இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டுடியோ, 2017 தீவிபத்துக்குப் பின் 2019இல் கட்டுமான நிறுவனத்துக்குப் போனது. இந்தி சினிமாவுக்காகவே மும்பைக்கு வருகிறவர்கள் ஏராளம். அந்த இடத்தை அருங்காட்சியகமாக்கும் எண்ணம் எந்த அரசுக்கும் வரவில்லை. சுற்றுலாவை வளர்க்கிறோம் என்ற பேச்சு, நிலத்தின் விலை குறுக்கே வந்ததும் நின்றுவிடுகிறது.

இடப்பெயர்வு எப்படியிருக்கும் என்பதற்கும் செம்பூர்ப் பக்கமே சாட்சி. அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதம், அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. தமிழர்கள் பெருமளவில் இருந்த சுமார் 70,000 மக்கள் சதுப்பு நிலமான சீத்தா கேம்ப்புக்குத் தள்ளப்பட்டார்கள். அண்மைக் காலத்தில், குடிநீர்க் குழாய்ப் பாதையோரம் வாழ்ந்தவர்களைச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவிலுள்ள மாஹுலில் குடியமர்த்தினார்கள். அங்கே காற்றே நஞ்சாக இருப்பதாகப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே சுட்டிக்காட்டியிருந்தது. மக்கள் விடாது போராடிய பின், மாற்று வீடு கொடு, இல்லையேல் மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடு என்று 2019 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. போராடியதனால் கிடைத்த உத்தரவு அது.

வேலைவாய்ப்பு பற்றிய வாக்குறுதியையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். மகாராஷ்டிர அரசின் 2024 சுற்றுலாக் கொள்கை, பத்தாண்டுகளில் ஒரு லட்சம் கோடி ரூபாய்த் தனியார் முதலீடும் 18 லட்சம் வேலைகளும் வரும் என்கிறது. முதலீட்டாளருக்கு என்னென்ன சலுகை என்று விரிவாக எழுதியவர்கள், அந்த வேலைகளின் ஊதியம், பணிநிரந்தரம், சங்கம் அமைக்கும் உரிமை பற்றிப் பேசவில்லை. ஓட்டல் தொழிலில் பயிற்சியாளர் என்றும் ஒப்பந்தம் என்றும் பருவகாலம் என்றும் ஆட்களை வைத்து வேலை வாங்குவது நீண்டகால வழக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறித்த காலப் பணி என்பதைச் சட்டபூர்வமாக்கி அவ்வழக்கத்துக்கு மகுடம் சூட்டியிருக்கின்றன. சாமான் தூக்குபவர், வாடகைக் கார் ஓட்டுநர், கடற்கரையில் பேல்பூரி விற்பவர், வழிகாட்டி ஆகியோர் எந்தக் கணக்கிலும் தொழிலாளியாக வருவதில்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் ஏட்டில் இருக்கிறது. மாநகராட்சி வண்டி தெருவில் இருக்கிறது.

இத்தொழிலை மட்டுமே நம்புவதன் ஆபத்துக்கு இலங்கை உதாரணம். 2018இல் 23 லட்சம் பயணிகள் வந்த அந்நாட்டில், ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கும் கொரோனாவுக்கும் பின் 2021இல் வந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. அந்நியச் செலாவணி வற்றியது. கடனும் தவறான கொள்கைகளும் சேர்ந்து 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

மாற்று இருக்கிறதா? புரட்சிக்கு முன் ஹவானா, அமெரிக்க மாபியாக்களின் சூதாட்ட ஓட்டல்களால் பெயர் பெற்றிருந்தது. 1959க்குப் பின் சூதாட்டம் ஒழிக்கப்பட்டது. கடற்கரைகள் மக்களுக்குத் திறக்கப்பட்டன. சோவியத் யூனியன் வீழ்ந்த பின், நெருக்கடியின் நடுவே கியூபா சுற்றுலாவை வளர்த்தது. அயல்நாட்டு நிறுவனங்களோடு கூட்டு சேர்ந்தபோதும் நிலத்தை விற்கவில்லை. டாலர் புழக்கத்தால் ஏற்றத்தாழ்வுகள் அங்கேயும் தலைதூக்கின என்பதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்கா 2019இல் பயணிக் கப்பல்களைத் தடை செய்ததும் அந்த வருவாயின் கழுத்தை நெரிக்கத்தான்.

அருகில் கேரளம் இருக்கிறது. பொறுப்புச் சுற்றுலா என்ற பெயரில் 2008 வாக்கில் குமரகத்தில் ஊராட்சியின் தலைமையில் ஒரு முயற்சி தொடங்கியது. ஏரிக்கரையில் எழுந்த ஓட்டல்களுக்கும் ஊர் மக்களுக்கும் இடையே பகையிருந்த காலம் அது. குடும்பஸ்ரீ பெண்கள் காய்கறி விளைவித்து ஓட்டல்களுக்கு விற்கவும், வலை பின்னுவதையும் ஓலை முடைவதையும் பயணிகளுக்குக் காட்டி ஊதியம் பெறவும் ஏற்பாடாயிற்று. 2017இல் இடது ஜனநாயக முன்னணி அரசு அதை மாநிலம் தழுவிய இயக்கமாக்கியது. முதலாளித்துவ அமைப்புக்குள் ஒரு மாநில அரசு செய்யக்கூடியது வரம்புக்கு உட்பட்டதே. ஆயினும் பயணியின் பணம் சமையற்கட்டு வரை, வயல் வரை போய்ச் சேர ஊராட்சிக்கும் பெண்கள் அமைப்புக்கும் அதிகாரம் வேண்டும் என்பதை அது காட்டியிருக்கிறது. இதைத் தாராவியில் ஏன் செய்யக் கூடாது? வழிகாட்டிகளின் கூட்டுறவு, குயவர்களும் தோல் தொழிலாளர்களும் நடத்தும் விற்பனைக்கூடம், இப்பகுதியின் குடியேற்ற வரலாற்றைச் சொல்லும் மாநகராட்சி அருங்காட்சியகம் என்று எவ்வளவோ செய்யலாம். ஆனால் மக்கள் அந்த மண்ணில் இருந்தால்தான் இவையெல்லாம்.

2023 டிசம்பர் 16 அன்று தாராவியிலிருந்து பாந்திரா - குர்லா வளாகத்தின் அதானி அலுவலகத்தை நோக்கி நடந்த பேரணியில் இடதுசாரிக் கட்சிகளும் பங்கேற்றன. பேரணியில் வருவோரில் பலர் வீட்டு உரிமையாளர்கள். மேல்தள வாடகைக்காரரும் பட்டறைத் தொழிலாளியும் இன்னும் போதிய அளவில் திரளவில்லை. வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இடையே, தமிழருக்கும் பீகாரிக்கும் இடையே, 2000க்கு முன் வந்தவருக்கும் பின் வந்தவருக்கும் இடையே பிளவு உண்டாக்கவே அந்தத் தேதிகள் உதவுகின்றன. எல்லோருக்கும் தாராவியிலேயே வீடு, தொழிலுக்குத் தொழிலுக்கேற்ற இடம் என்ற கோரிக்கை இவர்கள் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்தக்கூடியது. ஒவ்வொரு கிளையும் தன் சந்தில் கணக்கெடுப்பில் விடுபட்டவர்களின் பட்டியலை எடுக்க வேண்டும். குடும்ப அட்டை, மின்கட்டண ரசீது, பள்ளிச் சான்று, வாக்காளர் பட்டியலின் பழைய நகல் என எது இருந்தாலும் திரட்டி, இந்தியும் மராத்தியும் எழுதத் தெரியாத மூத்தவர்களுக்கு ஆட்சேப மனுக்களை எழுதிக் கொடுக்க வேண்டும். மாதுங்கா உணவகங்களிலும் செம்பூர் ஓட்டல்களிலும் வேலை செய்யும் தாராவித் தோழர்கள், உடன் பணியாற்றுவோரின் பெயர்களைச் சங்க உறுப்பினர் படிவத்தோடு கொண்டுவர வேண்டும்.